சீல் சரியா இருக்கு

அரக்கு உருகும் வாசனை இன்று காலை ஆசிரியைகள் அறை முழுவதும் பரவியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது உன் முகமல்ல, உன் நாக்குதான். கோபித்துக்கொள்ளாதே. ஓவிய டீச்சருக்கு இன்று மாலை கல்யாண வரவேற்பு. நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிய பரிசைக் காக்கிக் காகிதத்தில் சுற்றி, நூல் முடிச்சின்மேல் சிவப்பு அரக்கைச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு விரலில் விழுந்தது. கையை உதறியதும், "ஊதாதடீ, அது பாட்டுக்கு ஆறட்டும்" என்று பக்கத்திலிருந்து நீ சொன்னது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கணக்கு டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். சத்துவாச்சாரியில் ஒரு மாடியறையைச் சேர்ந்து எடுத்துக்கொண்டோம். நீ ராணிப்பேட்டை கம்பவுண்டரின் மகள், தையல் டீச்சர். நான் ஆம்பூரில் தோல் குடோனுக்குக் காவல் இருப்பவரின் மகள், எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள். வகுப்புக்குள் எப்படியோ பேசிவிடுவேன். வெளியே வந்தால், பாலில் தண்ணீர் அதிகம் என்று பால்காரரிடம் சொல்லக்கூட எனக்கு நீ வேண்டும்.

அந்த முதல் டிசம்பரில் ஜன்னல் ஓரம் மெழுகுவத்தியை ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். கிறிஸ்துமஸுக்குத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஏதாவது கொடுக்கும் வழக்கம் உனக்கு. சோப்பு, சீப்பு, ரிப்பன், எல்லாம் சின்னச் சின்னப் பொருள்கள். ஆனால் சுற்றும் விதத்தில் அவை நகைப்பெட்டி மாதிரி ஆகிவிடும். காக்கிக் காகிதம், பூ வேலைக்கு வைத்திருக்கும் பச்சை நூல், முடிச்சில் ஒரு சவுக்குக் கொத்து. அதன் காம்பை நூலோடு சேர்த்து அரக்கு பிடித்துக்கொள்ளும். உன் முத்திரை, உன் அண்ணனின் பழைய பேண்டு வாத்தியச் சட்டையிலிருந்து அறுந்த பித்தளைப் பொத்தான். அதில் ஒரு நட்சத்திரம். பின்பக்க வளையத்தில் கொண்டை ஊசியைக் கோத்துப் பிடித்துக்கொள்வாய். அரக்கின் பளபளப்பு மங்கும்வரை பொறுத்திருந்து, பொத்தானை நாக்கில் ஒரு தொடு தொட்டு அழுத்துவாய்.

"ஐயே, எச்சில்!" என்றேன்.

"எச்சில் பட்டாத்தான் ஒட்டாம வரும். உனக்கு வேணும்னா எண்ணெய் தொட்டு வெச்சுக்கோ. ஆனா நட்சத்திரம் இவ்ளோ சுத்தமா விழாது."

"ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் குடுக்கிறதுலயுமா?"

"அவங்களுக்கு ஜாஸ்தியா!"

அந்தப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்த தலைமையாசிரியை, "அரக்கெல்லாம் வெச்சு, இன்ஷ்யூர் பண்ண பார்சலா இது?" என்று கேட்டதும் நான் சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடியதும் உனக்கு நினைவிருக்கும்.

அதே வாரம், தாமதமாகக் கைக்கு வந்த என் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கம்பளி மப்ளர் வாங்கினேன். ஆம்பூரில் மார்கழிப் பனி பொல்லாதது. அவர் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். ஆனால் மப்ளருக்கு அது மட்டும் காரணமில்லை என்பது உனக்குத் தெரியும். அத்தை மகனைக் கட்டிக்கொள்ள இப்போது விருப்பமில்லை, வேலூரில் வேலைக்குப் போகிறேன் என்பதை நான் அப்பாவிடம் நேரில் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். அன்று முதல் அவர் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பாப்பாவுக்குச் சோறு போடு" என்று என் எதிரிலேயே அம்மாவிடம் சொல்வார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத மனிதர் என்னைப் பி.ஏ. வரை படிக்கவைத்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே அவரை மீறிவிட்டேன் என்று நினைத்து நான் குமைந்துகொண்டிருந்தேன்.

"குடு இப்படி" என்று மப்ளரை வாங்கி நீதான் சுற்றினாய். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு முத்திரை. இதற்கு மட்டும் மூன்று. "பாத்த உடனே உங்க அப்பா கரைஞ்சுடுவாரு பாரு" என்றாய்.

ஊருக்குப் போனேன். அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று முத்திரைகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு எழுந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் பரணின் ஓரத்தில் பத்திரமாக வைத்துவிட்டார்.

பொங்கலுக்குப் போனபோதும் அது அங்கேயேதான் இருந்தது. சவுக்கு இலை காய்ந்து பழுப்பாகியிருந்தது. அரக்கு அப்படியே பளபளத்தது. அப்பா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு இருமியபடியே வேலைக்குக் கிளம்பிப்போனார்.

திரும்பி வந்து உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீயாகத்தான் கேட்டாய். "உங்க அப்பாவுக்கு மப்ளர் எப்படி இருக்குது?" என்றதும் அழுதுவிட்டேன்.

"பிரிக்கவே இல்ல. நான் குடுத்தது அவருக்கு வேணாம்."

"அவரு அப்படிச் சொன்னாரா?"

"இல்ல."

"நீ கேட்டியா?"

"இல்ல."

"நல்லா இருக்குதடீ உங்க குடும்பம்! சனிக்கிழமை நான் வர்றேன்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். நீ கேட்கவில்லை. பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டியதிலிருந்து, இறங்கித் திரும்பிவிடலாம் என்று உன்னை நச்சரித்துக்கொண்டே வந்தேன். நீயோ வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தாய்.

அப்பா உன்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க டீச்சர். உக்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்தாய். ஒரு வாய் தண்ணீர் குடித்தாய். அதற்குமேல் உனக்குப் பொறுமை இல்லை.

"அப்பா, அந்தப் பொட்டலத்த இன்னும் பிரிக்கலியே, ஏன்?"

நான் சமையலறைக்குள் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அம்மா உள்ளேயிருந்து, "அத ஏன் கேக்கறீங்க, நானும் கேட்டுக் கேட்டு பேஜாராயிட்டேன். தொடாதேன்றாரு" என்றாள்.

அப்பா நிதானமாகச் சொன்னார்: "சீல் வெச்சிருக்குதேம்மா."

"அதுக்கு?"

"சீல் வெச்சவங்க இல்லாம நாம உடைக்கக் கூடாதும்மா. குடோன் பூட்டுல துணி கட்டி இதே அரக்குதான் வெப்பாங்க. கணக்குப்பிள்ள வந்து எதிர்ல நிக்கணும். அவரும் பாக்கணும், நானும் பாக்கணும். ரெண்டு பேரும் 'சீல் சரியா இருக்கு'ன்னு வாய்விட்டுச் சொல்லணும். அப்புறம்தான் கை வெக்கணும். இத்தினி வருசமா அப்படித்தான்."

"ஐயோ அப்பா, இது குடோன் இல்ல, மப்ளரு!" என்றாய். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு வாயைப் பொத்தினாய்.

"மப்ளரா?" அப்பாவின் கை தானாகத் தலைத்துண்டுக்குப் போனது. துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு உன்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்கும்படி. "பாப்பா கொணாந்து வெச்சுது. ஒண்ணும் சொல்லாம உள்ள பூட்ச்சு. 'பிரிங்கப்பா'ன்னு சொல்லும்னு பாத்துனு இருந்தேன். பொங்கலுக்கு வந்தப்பவும் சொல்லல. வேலைக்குப் போறேன்றதயும் எங்கிட்ட சொல்லல, அவங்க அம்மாதான் வந்து சொன்னா. நான் இன்னா, வேணாம்னா சொல்லியிருப்பேன்? என்னாண்ட சொல்றதுக்கு அதுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சுக்கினேன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நான் ஒதுங்கியிருந்தேன். நான் அவரை ஒதுக்கிவிட்டேன் என்று அவர் ஒதுங்கியிருந்தார். நடுவில் மூன்று முத்திரைகள்.

நீ எழுந்து பொட்டலத்தை எடுத்து வந்தாய். "இந்த நட்சத்திரம் யாருதும்மா?" என்று அப்பா கேட்க, கைப்பையிலிருந்து பொத்தானை எடுத்துக் காட்டினாய். "வெச்சது நான். குடுத்தது அவ. அதனால எதிர்ல நிக்க வேண்டியது அவதான்" என்று என் கையைப் பிடித்து இழுத்து அவர் முன்னால் நிறுத்தினாய்.

அப்பா மூன்று முத்திரைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். குடோன் வாசலில் நிற்பதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டார். "சீல் சரியா இருக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

நீ என் முழங்கையில் கிள்ளினாய்.

"சரியா இருக்குப்பா" என்றேன்.

"உடைக்கலாமா?"

"உடைங்கப்பா."

அத்தனை மாதங்களுக்குப் பிறகு நாங்கள் பேசியது அவ்வளவுதான். அரக்கு 'டப்' என்று உடைந்தது. மப்ளரை அன்று பகல் முழுவதும் அவர் கழற்றவில்லை. நீ இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். அம்மாவுக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

அடுத்த வருடம் மே மாதத்தில் உனக்குக் கல்யாணமாகிக் கோலார் தங்கவயலுக்குக் கிளம்பினாய். காட்பாடி ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது, ஜன்னல் வழியாகத் தீப்பெட்டி அளவு பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தாய். ஒரே ஒரு முத்திரை. உன் வீட்டார், உன் கணவர் வீட்டார் என்று கும்பலே நின்றிருந்தது. "ரூமுக்குப் போய்ப் பிரிச்சுக்கிறேன்" என்றேன்.

"இப்பவே உடை. உன் மூஞ்சிய நான் பாக்கணும்."

"எல்லாரும் பாக்கறாங்கடீ."

"பாக்கட்டும். சீல் சரியா இருக்கு. சொல்லு!"

சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, உன் மாமியார் திரும்பிப் பார்த்தார். உடைத்தேன். உள்ளே பொத்தான் இருந்தது. நான் நிமிர்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அந்த வண்டி ஆம்பூர் வழியாகத்தான் போகும். ஒரு வாரம் கழித்து ஊருக்குப் போனபோது அப்பா சொன்னார்: "டீச்சர் போற வண்டின்னு சொன்னியே, ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கூட்டத்துல என்னை அடையாளம் தெரியணுமேன்னு மப்ளர சுத்தினு நின்னேன். கைய ஆட்டிச்சு பாரு!" மே மாத வெயிலில், ஆம்பூர் பிளாட்பாரத்தில், கழுத்தில் கம்பளியோடு ஒரு மனிதர். யாருக்குத்தான் அடையாளம் தெரியாது?

நீ போய்விட்டாய் என்று உன் அண்ணன் எழுதிய கார்டு வந்தபோது, காய்ச்சல் இவ்வளவு சீக்கிரம் ஓர் ஆளைக் கொண்டுபோகும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அப்பாவிடம் அதை நேரில்தான் சொன்னேன். அவர் மப்ளரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு வரலன்னா நாம ரெண்டு பேரும் இன்னும் பாத்துனேதான் இருந்திருப்போம்" என்றார்.

இன்று மாலை வரவேற்பில் ஓவிய டீச்சர் பொட்டலத்தை வாங்கி, நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்கு! அரக்கு ஒட்டாம எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டாள். எண்ணெய் தொடணும் என்று சொல்லிவைத்தேன். "அப்புறமா பிரிக்கிறேன்" என்று அதைக் குவியலில் வைக்கப்போனாள். மண்டபம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காது சுட்டது.

"இல்ல, இப்பவே பிரிங்க. உங்க முகத்தைப் பாக்கணும்" என்றேன்.

பிரித்தாள். பார்த்தேன்.

காட்பாடியில் நீ ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தாய் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்று நான் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்ததில் உன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்ற குறை எனக்கு இத்தனை நாளும் இருந்தது. பரவாயில்லை. நீ கேட்டது உனக்குக் கிடைத்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாய்.