ஷெப்பர்ட்ஸ் பையும் என் இங்கிலீஷும்

ரோலா, ஷார்ஜா

அருமை மகன் ஃபவாஸுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், லீட்ஸ் குளிரில் நீயும் மருமகள் ஷஹீராவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, அஸருக்குப் பள்ளிவாசல் வரை நடந்தே போய் வருகிறார்கள்.

கேண்டீனில் சாப்பிட்டதாக நீ அனுப்பிய ஷெப்பர்ட்ஸ் பை போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இங்கிலீஷ் படித்ததே அதை வைத்துத்தான். கீழக்கரையிலிருந்து இங்கே வந்த புதிதில் கம்பெனி வாப்பாவை வேறு நாட்டிலுள்ள ராஸ் லஃபான் சைட்டுக்கு அனுப்பிவிட்டது, கைக்குழந்தையான உன்னோடு நான் தனியாக இருந்தேன். மேல்மாடியில் மிஸஸ் ஹார்ட்லி என்று ஒரு வெள்ளைக்கார டீச்சர், கை முறிந்து கட்டுப் போட்டிருந்தார். ஒருநாள் கதவைத் தட்டி, ஷெப்பர்ட்ஸ் பை, ஹெல்ப் என்றார். எனக்குப் பை மட்டும்தான் விளங்கியது, துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் சிரித்துவிட்டு என்னை அடுப்படியில் நிறுத்தி, கொத்துக்கறியை வதக்கவும் உருளைக்கிழங்கை மசிக்கவும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். வார்ம், பாய்ல், ஸ்டிர், மேஷ். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் போவேன். அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது கறியில் இஞ்சி பூண்டும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் போட்டுவிடுவேன், அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மோர், மோர் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அந்த வீட்டு வெண்ணெய் வாசம் இப்போதும் எனக்கு மூக்கில் நிற்கிறது.

உனக்கு இரண்டு வயதில் ஒருநாள் நடுப்பகல் லுஹர் நேரத்தில் காய்ச்சல் ஏறிக் கண் செருகிவிட்டது. மிஸஸ் ஹார்ட்லி ஊருக்குப் போயிருந்தார். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், அங்கே நர்ஸ் கேட்டதற்குக் காய்ச்சல் என்ற சொல்கூட எனக்கு வாயில் வரவில்லை. மார்னிங் வார்ம், நவ் பாய்லிங், ஐ ஸ்டிர், ஹி நோ ஸ்டிர் என்றேன். வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை, உன்னை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். இன்னும் அரைமணி பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

நேற்று ஷஹீரா போனில் பேசினாள். கடைக்குப் போனாயா என்று சும்மா கேட்டேன். நான் இங்கிலீஷ்ல வாயத் தொறந்தா அவஹளுக்கு வெக்கமா இருக்காம் மாமி, பேசாம நில்லுன்னுட்டாஹ என்றாள். மகனே, அவள் அங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. தப்பும் தவறுமாகப் பேசட்டும், நீ பக்கத்தில் நில், போதும்.

தொழுகையை விடாதே, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதே. அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை உன் வாயால் நீயே அவளுக்குச் சொல்.

துஆவுடன்,
உன் உம்மா
அஸ்மத் பீவி