நம் அணி ஜெயித்துவிட்டது, வில்மார்

மெர்சேதெஸ்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள வில்மாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்றுதான் நேற்று தொலைபேசியில் சொன்னாய். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவருபவன் நம் தெருக் கசாப்புக்கடை எபெர். நேற்று ஆட்டம் முடிந்த கையோடு இறைச்சி வண்டியை மச்சானுக்கு விற்றுவிட்டான். அரையிறுதியை நேரில் பார்த்தே தீர வேண்டுமாம். நாளைக் காலை விமானம். அவன் பெண்டாட்டி இன்று கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவனைத் திட்டித் தீர்க்கிறாள். எலும்பு வாங்கப் போன எனக்கும் கால்மணி நேரம் கிடைத்தது. அவனிடம் நீ தேநீர் போலக் குடிக்கும் மாத்தே இலை ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். அங்கே கிடைக்கும் இலை வைக்கோல் மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டாயே.

கடிதம் எதற்கு என்று கேட்பாய். உலகக் கோப்பைக்கு நடுவராகக் கிளம்பும்போதே, போட்டி முடியும்வரை கைபேசியைத் தொட மாட்டேன் என்று சபதம் போட்டவன் நீ. ஓட்டல் தொலைபேசியில் வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாய். நான் வாயைத் திறப்பதற்குள் “சரி நிதியா, ஓடணும், பயிற்சி இருக்கு” என்று வைத்துவிடுகிறாய். காகிதம் நடுவில் எழுந்து போகாது.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறை வெந்நீர்க் குழாயைச் சரிசெய்தாயிற்று. யமிலா வேதியியலில் தேறிவிட்டாள், மயிரிழையில். மாமாவுக்கு முட்டிவலி மழைக்கு அதிகமாகியிருக்கிறது. ஆனாலும் ஆட்டம் இருக்கும் நாளில் அவருக்கு முட்டி என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகிறது.

நேற்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து மழை. மழை பெய்தால் மாவு தட்டிப் பொரிக்காமல் இந்த ஊரில் யாரால் இருக்க முடியும்? நம் வரவேற்பறையில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. வீரர்களின் கால்களை உன்னிப்பாகப் பார்க்கவென்று நீ வாங்கிப்போட்ட அந்தப் பெரிய டிவி, முதல்முறையாக ஜனங்கள் கும்மாளம் போட உதவியது. நான் அடுப்படியில் நின்றேன். உள்ளே போய்ப் பார்க்கத் தைரியமில்லை. பெனால்டிவரை போய்விட்டது. அவர்களுடைய கடைசி ஆள் பந்தை வைத்தான். அதைத் தடுத்தால் நாம் ஜெயித்துவிடுவோம்; உள்ளே போனால் ஆட்டம் இன்னும் நீளும், தோற்கவும் தோற்கலாம்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? உள்ளே போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன், வில்மார். கோயில் பக்கமே போகாதவள், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெயர் தெரிந்த புனிதர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். இந்த நாட்டில் பிறந்த ஒருத்தி வேண்டிக்கொள்ளக் கூடாத வேண்டுதல் அது. எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

நம் கோல்கீப்பர் பையன் பிடித்துவிட்டான். வீடே ஆடியது. மாமா வெளிர்நீலக் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு அடுப்படிக்குள் நொண்டியபடி ஓடிவந்தார். “பொண்ணே, பிடிச்சுட்டான்டி! பாவிப் பய பிடிச்சுட்டான்!” என்று என் கன்னத்தைக் கிள்ளினார். எண்ணெயில் மாவு கருகிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிற? நீ எந்த நாட்டுக்காரி?” என்று கேட்டார். புகை என்று சொன்னேன்.

யமிலாதான் கதவோரம் நின்றபடி, “தாத்தா, அப்பாவுக்கு இனிமே இறுதி ஆட்டம் கிடையாது” என்று போட்டு உடைத்தாள்.

“ஏன் கிடையாது? அவனை விட்டா அங்க எவன் இருக்கான்? பேப்பர்லயே போட்டிருந்தானே!” என்று மாமா சண்டைக்குப் போனார்.

“நம்ம நாடு இன்னும் உள்ள இருக்குல்ல? நம்ம ஆட்டத்துக்கு நம்ம ஆளே விசில் ஊதினா ஊர் சிரிக்காதா? மிச்சம் இருக்கிற நாலு நாட்டு நடுவர்களையும் இப்பவே அனுப்பிடுவாங்க தாத்தா. அதான் வழக்கம்” என்றாள் அவள். அரையிறுதியில் நாம் தோற்றுவிட்டால் என்று மாமா இழுத்தார். அதற்குள் மற்றவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டாள். உன் மகள்தான், விதியில் சந்தேகமே இல்லை அவளுக்கு.

மாமா முக்காலியில் உட்கார்ந்தார். கொடி முனை மாவுப் பாத்திரத்தில் கிடந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. “இந்த வயசுல ஒரே சாயங்காலத்துல ரெண்டு தடவை அழவெச்சுட்டானுங்களே” என்றார். முதல் அழுகை எதற்கு, இரண்டாவது எதற்கு என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

வெளியே வண்டிகளெல்லாம் ஒலியெழுப்பிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போயின. நம் சன்னலுக்குக் கீழே நின்று, “நடுவரம்மா! விசிலை எடுங்க! ஊதுங்க!” என்று கத்தினார்கள். எப்போதும் செய்யும் கேலிதான். உன் பழைய விசில் ஒன்றை எடுத்து ஊதினேன். கை தட்டினார்கள். இதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும், சொல்.

அப்புறம் நீ கூப்பிட்டாய். “வாழ்த்துகள், நிதியா” என்றாய். “உனக்கும்” என்றேன். வெந்நீர் வருகிறதா என்று கேட்டாய். வருகிறது என்றேன். “செவ்வாய் ராத்திரி விமானம் இருக்கு. அதுலயே வந்துடறேன். அடுத்த மாசம் உள்ளூர்ப் போட்டி ஆரம்பிக்குது, தயாராகணும்” என்றாய். வைத்துவிட்டாய். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பறிகொடுத்த மனிதன், மழையில் சேறாகும் ஏதோ ஒரு மைதானத்துக்குத் தயாராக வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன், ஆனால் எழுத எழுத வருத்தம்தான் மேலே வருகிறது.

அங்கே போன முதல் வாரம் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் தலைமைப் பயிற்சியாளர் முதல் கூட்டத்திலேயே, “பாதி நேரம் தயாராகுங்க, மீதி நேரம் சந்தோஷமா இருங்க. ரெண்டுமே உங்க வேலைதான்” என்று சொன்னாராம். பொறுப்பில்லாத ஆள் என்று நீ அவரைக் குறை சொன்னாய். நான் சிரித்தேன். அவர் பேச்சைக் கேள் என்று அப்போதே அடித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நெல்சனைப் பார். உன்கூடவே கொடி பிடித்துக்கொண்டு கோட்டோரம் ஓடுகிறவன்தான். உன் ஆட்டங்களில் அவன் ஒரு தவறும் செய்யவில்லை என்று நீயே சொன்னாய். ஆனால் பயிற்சி முடிந்தால் கடலில் கிடக்கிறான். கானா நாட்டு நடுவரோடு சேர்ந்து மேளம் அடிக்கிறான். சந்தையில் தொப்பிக்குப் பேரம் பேசி ஏமாந்து, பேத்திக்கும் சேர்த்து மூன்று வாங்கியிருக்கிறான். பெண்டாட்டி மிர்த்தாவை வரவழைத்து ஒரு வாரம் கூட வைத்துக்கொண்டான். அவள் திரும்பி வந்து தோல் உரிந்த மூக்கோடு என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்: “உம் புருஷன் பால்கனியில நின்னு கடலைப் பார்ப்பாரு. நாங்க கீழேர்ந்து, ‘இறங்கி வாய்யா, கடல் கடிக்காது!’ன்னு கத்துவோம். கையை ஆட்டிட்டு உள்ள போயிடுவாரு.” அவள் சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

மிர்த்தா போகும்போது என்னையும் கூப்பிட்டாள். நான் வரட்டுமா என்று உன்னிடம் கேட்டதற்கு, “கடைசி வாரம் வா. அப்ப மனசு லேசா இருக்கும்” என்றாய். உன் பேச்சைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அங்கே வருவதற்கென்று வாங்கிய மஞ்சள் உடுப்பு அலமாரியில் தொங்குகிறது. நான் என்றைக்கு உன் கூடவே கிளம்பியிருக்க வேண்டுமோ, அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து உனக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நீ எப்போதும் இப்படித்தான். பிரியாபொலிஸில் தேனிலவு என்று போனோம். அடுத்த வாரம் தேர்வு என்று விதிப்புத்தகத்தோடு மணலில் உட்கார்ந்தாய். யமிலாவின் பதினைந்தாவது பிறந்தநாளில் அவளோடு ஆட வேண்டிய நடனத்துக்கு ஒரு மாதம் துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடத்தில் சுழன்றாய். அன்று ஒரு அடிகூடத் தப்பவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம், “அப்பா என் முகத்தையே பாக்கலம்மா, உதட்டுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தாரு” என்றாள். இதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் முகத்தைப் பார்ப்பதற்கும் ஒரு மாதம் பயிற்சி எடுப்பாய் என்று பயம்.

உன்னைக் குற்றம் சாட்டவில்லை. உன் உழைப்பால்தான் இந்தச் சின்ன ஊர்க்காரன் அவ்வளவு தூரம் போனான். மூன்று ஆட்டமும் நீ நடத்திய விதத்தைப் பார்த்து, யாரையும் புகழாத அந்த வானொலிக்காரனே வாயடைத்துப்போனான். இறுதி ஆட்டம் உனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். இறுதிக்கு வரக்கூடிய அணிகளையெல்லாம் நீ கரைத்துக் குடித்திருந்தாய். எவன் பொய்யாக விழுவான், எவன் முழங்கையை ஓங்குவான், எந்த அணித்தலைவனிடம் சிரித்துப் பேச வேண்டும், எவனிடம் முறைக்க வேண்டும், எல்லாம். கிளம்புவதற்கு முன்னால் நான் ஒருநாள், நம் பையன்களைப் பற்றி எதுவுமே பார்க்கவில்லையே என்று கேட்டேன். “அவங்க அவ்வளவு தூரம் வர மாட்டாங்க” என்றாய், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்த நீ, நம் நாடு ஜெயிப்பதற்கு மட்டும் தயாராகவில்லை. நானும்தான்.

அடுத்த உலகக் கோப்பைக்கு உன் வயது இடம் கொடுக்காது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதனால்தான் நேற்று இரண்டு பேரும் வெந்நீரைப் பற்றிப் பேசினோம். எனக்கு மனசு ஆறவில்லை. இறுதி ஆட்டம் போனது ஒரு துக்கம். அவ்வளவு நாள் அங்கே இருந்துவிட்டுக் காலைக்கூட நனைக்காமல் வருகிறாயே, அது அதைவிடப் பெரிய துக்கமாக இருக்கிறது. எல்லாச் சந்தோஷத்தையும் போட்டி முடிந்த மறுநாளுக்கென்று எடுத்துவைத்தாய். அந்த மறுநாளை நம் கோல்கீப்பர் பிடித்துக்கொண்டுவிட்டான்.

இப்போது நான் கேட்பதைக் கேள். செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஏறாதே. விடுவிக்கப்பட்ட நடுவர்களுக்கு அரையிறுதியில் இருக்கை உண்டு என்று மிர்த்தா சொன்னாள். நெல்சன் தங்கப்போகிறான், நீதான் வேண்டாம் என்றாயாம். எபெரிடம் சொல்லியிருக்கிறேன், விமான நிலையத்திலிருந்து நேராக உன் ஓட்டலுக்கு வருவான். கதவைத் திறக்காவிட்டால் உடைப்பான், கசாப்புக்காரன் கை அது.

முதலில் அவனோடு கடலுக்குப் போ. கால்சட்டையை மடித்துவிட்டு முழங்கால்வரை நில். அதற்குப் பயிற்சி வேண்டாம். புதன்கிழமை இருவரும் சேர்ந்து நம் ஆட்களோடு போய் உட்காருங்கள். நீ ஒரு ஆட்டத்தை வெறுமனே பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. எபெர் நடுவரை வாயில் வந்தபடி திட்டுவான். உனக்குக் கை பரபரக்கும்; அந்த முடிவு சரிதான் என்று அவனுக்கு விளக்கத் தோன்றும். விளக்காதே. நீயும் திட்டு. ஒரு தடவையாவது அநியாயமாக, நன்றாகத் தெரிந்தே, திட்டு. கீழே நிற்கிற அந்த மனிதன் தாங்கிக்கொள்வான். இத்தனை வருடமும் நீ தாங்கவில்லையா?

மாமா உனக்குச் சொல்லச் சொன்னது ஒன்று இருக்கிறது. காலையிலிருந்து மூன்று தடவை வந்து கேட்டுவிட்டார், எழுதிவிட்டாயா என்று. “அவன் இறுதி ஆட்டம் ஊதினா பெருமைப்பட்டிருப்பேன். இப்பவும் அதே பெருமைதான், ஒரு குண்டுமணி குறையல. அதைச் சொல்லு. ஆனா நம்ம பசங்க ஜெயிச்சதுக்கு எம் புள்ளை மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான்னு தெரிஞ்சுது, வீட்டுக்குள்ள விட மாட்டேன்” என்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் மிரட்டுகிறார்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. உள்ளூர்ப் போட்டி எங்கும் ஓடிப்போகாது. நீ ஒரு வாரம் கழித்து வந்தால் போதும், பத்து நாள் ஆனாலும் சரி.

வரும்போது எங்களுக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வா, வில்மார். பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டதும் “நிதியா” என்று கூப்பிட நீ வாயைத் திறக்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. அப்படி வந்தால் எப்படி இருந்தது என்று நான் உன்னிடம் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன். வீடுவரைக்கும் நானே பேசிக்கொண்டு வருகிறேன்.

என்றும் உன்,
நிதியா