உறை ஊற்றாத தயிர்

எதிர்வீட்டு மகாராணிக்கு,

ஒன்றுமே இல்லாமல் பிரபஞ்சம் உண்டாகியிருக்கலாம் என்று மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சொன்னேன். "உறை ஊத்தாம பால் தயிராயிடுமாடி?" என்று நீ கேட்டதும் மாடியே சிரித்தது. அன்றோடு உன்னிடம் உறைமோர் கேட்டு வருவதை நிறுத்திவிட்டேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் தயிருக்கா பஞ்சம்? வீம்புக்காகக் கடையிலும் வாங்கவில்லை.

நேற்று வெதுவெதுப்பான பாலில் பச்சைமிளகாய்க் காம்புகளைக் கிள்ளிப் போட்டு மூடி வைத்தேன். உறை ஒரு சொட்டுகூட இல்லை. காலையில் திறந்தால் கெட்டித் தயிர்!

வீட்டில் எல்லோரும் "நல்லாருக்கு" என்று சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எதிர்த்துப் பேச ஒருவருமில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை.

"அப்போ காம்பு ஒண்ணுமே இல்லையா?" என்று நீ கேட்பாய். தெரியும். அதைக் கேட்கவாவது வந்து தொலை. பாதித் தயிர் உனக்கு வைத்திருக்கிறேன்.

உறைமோருக்குக் கிண்ணத்தோடு வந்து நின்றவள்