ஃபாரின் வாசம் போகாத ஓவரால்

தாராவி, பம்பாய்.
9 மார்ச் 1986, ஞாயிறு, காலை பதினொன்றேகால். இந்த நிமிடம் சொறிந்துகொண்டிருப்பவர்கள்: பதினான்கு பேர்.

அன்பு மகன் ஜஹாங்கீருக்கு வாப்பா காசிம் சலாம் கூறி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொல்கிறார் வாப்பா. அவர் சொல்லச் சொல்ல எழுதும் உங்கள் தம்பி சலாவுதீனாகிய நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை, அதனால்தான் மேலே எண்ணிக்கை போட்டிருக்கிறேன்.

ஜஹாங்கீர் காக்கா, இங்கிலாந்தில் ரேஸ் கார் பட்டறையில் போட்டிருந்த ஓவராலைத் துவைக்காமல் பார்சலில் அனுப்பினீர்களே, யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்? வந்த அன்றே ஊறப்போடச் சொன்னேன். சோப்புல போட்டா ஃபாரின் வாசம் போயிரும்லா என்று உம்மா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். நேற்று உங்கள் கல்யாணம் பேசச் செம்பூருக்குக் கிளம்பும்போது, மாப்பிள்ளை உடுப்பை அவுகளும் பாக்கட்டும் என்று வாப்பா அதையே மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஃபாரின் உடுப்புக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டார். பெண்ணின் தகப்பனார் அப்துல் ரவூப் மாமா வாசலிலேயே கட்டித் தழுவினார். வாப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியதால் ஓவராலைக் கழற்றி டேபிள் ஃபேன் முன்னால் தொங்கவிட்டார்கள். எதிரே எல்லோரும் சேர்ந்து சாப்பிட வைத்த பிரியாணி சஹன். பிரியாணி ஆறுவதற்குள் பேச்சு நின்று, சம்பந்திகள் ஒருவர் முதுகை ஒருவர் சொறிய ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்கு ஏக்தம் பெரிய சீக்கு, மறைச்சுட்டீயளே என்று மாமா எழுந்துவிட்டார். உம்மா இது கண்ணேறுதான் என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். அந்த நெடியில் எல்லோரும் இருமவே சீக்கு உறுதியாகிவிட்டது.

நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் இன்ஸ்பெக்ஷன் லென்ஸைப் பையிலிருந்து எடுத்து ஓவராலின் மடிப்பைப் பார்த்தேன். கறுப்பு ஊசிகள், தலைமுடியைவிட மெல்லிசு. கார்பன் ஃபைபர். கார் உடம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற தூள். தோலில் குத்தினால் அரிக்கும், கழுவக் கழுவ இரண்டொரு நாளில் போகும். அதைவிடப் பொடியானது மூச்சோடு உள்ளே போனால் அங்கே கழுவ வழியில்லை. சீக்கு மாப்பிள்ளைக்கு இல்லை, உடுப்புக்குத்தான் என்றேன். மாமா சமாதானமாகி மறுபடி உட்கார்ந்தார். அப்போதுதான் உங்களுக்குப் பேசியிருக்கும் பெண் ஆபிதா உள்ளேயிருந்து, இம்புட்டுத் தூரம் வந்த சட்டையே இப்படிக் குத்துதே, தெனம் போட்டவுக நெஞ்சுக்குள்ள என்ன கெடக்கும் என்று கேட்டாள். அந்த நேரம் ஒருவரும் சொறியவில்லை.

போன கடிதத்தில் நீங்கள் எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. காலையில் துப்பினால் கறுப்பாக வருகிறது, குளிர் நாட்டில் அப்படித்தான், மாஸ்க் போட்டால் பக்கத்து ஆளோடு பேச முடியவில்லை அதனால் போடுவதில்லை என்று. காக்கா, குளிருக்குக் கறுப்பு நிறம் கிடையாது. பேச்சை டீ நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூளை உறிஞ்சும் மெஷின் வேண்டும் என்று முதலாளியிடம் கேளுங்கள், ஈரம் வைத்துத் தேயுங்கள், காற்றுக்குழாயை வைத்துச் சட்டைத் தூளை ஊதாதீர்கள். நெஞ்சு எக்ஸ்ரே வராமல் நிக்காஹ் தேதி கிடையாது என்று ஆபிதா சொல்லிவிட்டாள். வாப்பா கதவு நிலையில் முதுகைத் தேய்த்தபடி சொல்கிறார்: எழுதுலே, அரிப்பை நான் தாங்கிக்கிடுவேன், அவன இருமாம வந்து சேரச் சொல்லு. ரப்பு உன் மூச்சுக்குக் காவலாக இருப்பானாக என்று உம்மாவின் துஆ. எக்ஸ்ரேயை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாப்பா காசிம்
(கையெழுத்து கோணியதற்கு அரிப்பே காரணம்)

இனி சலாவுதீனாகிய நான் செய்யப்போவது:
1. ஓவராலை உதறாமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டிவிடுவேன். ஃபாரின் வாசம் வேண்டுமென்றால் உம்மாவுக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கித் தருகிறேன்.
2. தூள் வடிகட்டும் மாஸ்க் ஒன்றை நாளைக்கே உங்களுக்குத் தபாலில் அனுப்புவேன். ரேஸ் கார் செய்கிற நாட்டுக்குத் தாராவியிலிருந்து மாஸ்க் போகிறது, வெட்கப்படுங்கள்.
3. எக்ஸ்ரே வரும்வரை கல்யாணப் பத்திரிகை அடிக்க விடமாட்டேன்.
4. நீங்கள் வரும் அன்று ஏர்போர்ட்டில் வாப்பாவைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பேன். இருமாமல் என் பக்கம் வரை நடந்து காட்டுங்கள். அப்புறம் விட்டுவிடுகிறேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள்.