உன் தொடரில் வரும் அண்ணன்

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி பார்த்திபனுக்கு,

நலம் சொல்லித் தொடங்குவது முறை. நானும் உன் அண்ணி லீலாவும் உடல்நலத்துடன் இருக்கிறோம். மகள் சுகன்யாவுக்குப் போளூரில் ஆசிரியர் வேலை நிரந்தரமாகிவிட்டது. சாயப்பட்டறைக்கு முகூர்த்த மாதங்களுக்கான பட்டு நூல் வரத் தொடங்கியிருக்கிறது, வேலைக்குக் குறைவில்லை. நீ பலமுறை தொலைபேசியில் அழைத்தும் நான் எடுக்கவில்லை. பேச்சில் சொன்னால் குரல் உயரும். எழுத்தில் அந்த ஆபத்து இல்லை.

முதலில், உனக்கு உரிய பாராட்டு. நீ எழுதி இயக்கிய தொடரை ஒரு பகுதி விடாமல் பார்த்தேன். இது முகஸ்துதி அன்று: தொலைக்காட்சியில் நான் இதுவரை பார்த்த குற்றக் கதைகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை. காவல் நிலையத்திலிருந்து திரும்பும் அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுகிறார்களே, அண்ணன் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தம்பியின் இலையில் வைக்கிறானே, அந்த இடத்தில் லீலா அழுதுவிட்டாள். அண்ணனாக நடித்தவர் ஈர நூல் சிட்டத்தைக் கழியிலிருந்து எடுத்து உதறும்போது தோளை இறக்கும் விதம்கூடத் தவறவில்லை. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நீதான். நீ சிறு வயதிலிருந்து பார்த்தது என் தோளை. வேதியியல் படித்தவன் என்ற முறையில் ஒரே ஒரு குறை சொல்லலாம்: மஞ்சள் சாயத்துக்கு அவ்வளவு ஆவி எழாது. பார்வையாளர் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஊர் உன்னைக் கொண்டாடுகிறது. விசைத்தறி ஜெயவேல், டீக்கடையில் பத்துப் பேர் எதிரில் என்னைப் பார்த்து, “இன்னாண்ணே, கொலையும் பண்ணிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி டீ குடிச்சிகினு இருக்கீங்க!” என்றான். கடையே சிரித்தது. பிறகு அருகில் உட்கார்ந்து, “தமாஷுக்குச் சொன்னேண்ணே, பேஜார் ஆவாதீங்க. தம்பிக்காக ஒருத்தன் இவ்ளோ செய்வானா? அண்ணன்னா அவந்தான் அண்ணன்” என்று கண் கலங்கினான். பேருந்து நடத்துநர் ஒருவர், “சாருக்கு எடம் உடுங்கப்பா, அப்பறம் அண்டாவுல தள்ளிடப் போறாரு” என்று எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். சந்தவாசலிலிருந்து இரண்டு சகோதரர்கள் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். நிலப் பிரிவினையில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களாம். உன் கடைசிப் பகுதியைப் பார்த்த பிறகு பெரியவர் தம்பி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். உனக்கு நன்றி சொல்ல முகவரி கேட்டார்கள். கொடுத்தேன். ஒரு கதையால் இது முடியும் என்று நான் நினைத்ததில்லை.

இத்தனை பேரும் என்னை எப்படி அடையாளம் கண்டார்கள் என்று நீ கேட்க முடியாது. சாயப்பட்டறை, செப்பு அண்டா, அதில் விழுந்து இறக்கும் சாய மேஸ்திரி, எல்லாம் நம்முடையவை. போதாதென்று தொடரின் முதல் காட்சிக்கு முன்பு ‘என் அண்ணனுக்கு’ என்று எழுத்தும் போட்டாய். சமர்ப்பணம் என்று நீ நினைத்திருக்கலாம். இங்கே அதைச் சாட்சிக் கையெழுத்தாகப் படித்தார்கள்.

ஊர் அதிகம் பேசுவது உமிக் கூடைக் காட்சியைப் பற்றி. தம்பியின் திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட மேஸ்திரி வரும் வழியில் அண்ணன் சோப்புத் தண்ணீரைச் சாய்க்கிறான். வழுக்காமலிருக்க மேலே தூவ வேண்டிய உமி, கை படாமல் கூடையிலேயே இருக்கிறது. ஒரு வசனமும் இல்லாமல் அந்தக் கூடையை மட்டும் காட்டியே அது கொலை என்று சொல்லிவிட்டாய். அபாரமான காட்சி. அதைத்தான் புஷ்பலதாவும் பார்த்தாள்.

நம் அண்டாவில் விழுந்து இறந்த மேஸ்திரி தசரதனின் மனைவியை நீ மறந்திருக்க மாட்டாய். நம் தறிகளில் பாவு தீர்ந்தால், பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைப்பவள் இன்றுவரை அவள்தான். கடைசிப் பகுதி வந்த மறுநாள் வந்தாள். உள்ளே வரவில்லை. லீலா நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. “அண்ணா, ஒரே ஒரு கேள்வி. சோப்புத் தண்ணிய நாந்தான் ஊத்தினேன், உமி போட மறந்துட்டேன்னு அன்னைக்கு எங்கிட்ட வந்து அழுதீங்க. சரி போவட்டும், வேணும்னேவா செஞ்சாருன்னு உட்டேன். இப்போ சொல்லுங்க. மறந்துதான் போனீங்களா?” என்று கேட்டாள்.

மறந்துதான் போனேன் என்றேன்.

“டிவியிலயும் அந்த ஆளு அப்டித்தானே சொல்றான்” என்றாள். போய்விட்டாள். மூன்றாம் தறியில் பாவு பிணைக்கப்படாமல் தொங்குகிறது. வேறு ஆளை அழைக்கலாம் என்கிறாள் லீலா. நான் அழைக்கவில்லை.

ஒரு முறையாவது இது எழுத்தில் இருக்கட்டும். அன்று பட்டு நூலின் பசை நீக்கிய சோப்புத் தண்ணீரை வடிகாலுக்குக் கொண்டுபோகாமல் அண்டாவுக்கு முன்னால் சாய்த்துவிட்டு ஓடியவன் நீ. போளூரில் படம் தொடங்கிவிடும் என்ற அவசரம். சாயப்பட்டறையில் பிறந்து வளர்ந்தவன், ஒரு கை உமி தூவாமல் போனாய். தசரதன் சிட்டங்கள் தொங்கிய கழியோடு வந்து அதில் கால் வைத்தான். அவனைத் தூக்கியவன் நான். உனக்கு அப்போதுதான் சென்னையில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நான் ஊற்றினேன் என்று காவல் நிலையத்தில் சொன்னேன். புஷ்பலதாவிடமும் சொன்னேன். நீ என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. உன்னிடம் நன்றியை எதிர்பார்த்ததும் இல்லை. கவனக்குறைவான மனிதன் என்ற பெயரோடு இந்த ஊரில் என்னால் நிமிர்ந்து நடக்க முடிந்தது. ஆனால் உன்னைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்யை எடுத்து, அதிலிருந்தே எனக்கு ஒரு கொலையைச் செய்து கொடுத்திருக்கிறாய். நீ சுமாராக எழுதியிருந்தால் அவள் பாதியில் தூங்கியிருப்பாள். அருமையாக எழுதினாய். அதனால் நம்பினாள்.

இனி நான் எதைச் சொன்னாலும் அது தப்பிக்க நினைப்பவனின் பேச்சு. என் தம்பிதான் ஊற்றினான் என்று நானே சொன்னால், உன் தொடரின் அடுத்த திருப்பம் என்பார்கள். அவள் நம்பக்கூடிய வாய் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

ஆகவே நீ வா. உன் குழுவினரோ, செய்தியாளர்களோ, கைப்பேசியில் படம் பிடிப்பவர்களோ உடன் வரக் கூடாது. முதலில் என் வீட்டுக்கு வராதே. பேருந்து நிலையத்திலிருந்து நேரே புஷ்பலதாவின் வீட்டுக்குப் போ. கதைக்காகச் சிலவற்றை மாற்றினோம் என்று பேட்டிகளில் சொல்லும் வாக்கியத்தை அங்கே சொல்லாதே. நடந்ததை, நடந்த வரிசையில் சொல். அவள் அடித்தால் வாங்கிக்கொள். மன்னித்தாலும் வாங்கிக்கொள். இரண்டாவதுதான் கடினம். எனக்கு அதில் நீண்ட அனுபவம் உண்டு.

லீலாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. நீ அவளுக்கு வாங்கி அனுப்பிய பெரிய தொலைக்காட்சியை வருபவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். தொடரின் அடுத்த பருவத்துக்கும் உனக்கே வாய்ப்புக் கிடைத்திருப்பதாக ஜெயவேல் சொன்னான். மகிழ்ச்சி. உனக்கு உண்மையான திறமை இருக்கிறது. அதை நான் கோபத்திலும் மறுக்க மாட்டேன். உன் பெயர் இன்னும் உயரட்டும், உன் பிள்ளைகள் உன்னைப் பார்த்துப் பெருமைப்படட்டும்.

நீ வராமல் போனாலும் உன்னை நான் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே முடிவு செய்.

உன் அண்ணன்,
பலராமன்