கோடையில் ஊற்றிய தண்ணீர்

அன்பு மகள் நொயெமிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே ரமோனாவில் வெயிலைத் தவிர எல்லாம் சுகம். அலாஸ்கா குளிருக்குக் காலுறையாவது ஒழுங்காகப் போடுகிறாயா?

எலுமிச்சை காய்த்துத் தள்ளுகிறது. பக்கத்து வீட்டு எஃப்ரைன் புல்தரையைப் பிடுங்கிவிட்டுக் கூழாங்கல் கொட்டியிருக்கிறான். கார் நிறுத்துமிடம் மாதிரி இருக்கிறது என்றேன். கோபித்துக்கொண்டான்.

இனி உன் செடி. நீ வைத்துவிட்டுப் போன மலை லைலாக் புதர் வசந்தத்தில் நீலமாகப் பூத்துக் குலுங்கியது. தேனீக்களின் இரைச்சலில் என் ரேடியோகூடக் கேட்கவில்லை. உள்ளே ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. ஆனால் ஆகஸ்டில் ஒரு பக்கம் மஞ்சளாகிக் காயத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தால் வேரடி மண் ஈரமாக இருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது, ஈரம் எங்கிருந்து வரும்? எஃப்ரைன்மேல்தான் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் காலை உன் அம்மா குழாயோடு நின்றாள். இது வறண்ட மலைச் செடி, கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, வேர் அழுகிவிடும் என்று நீ கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னது அவளுக்கும் தெரியும். நான் கத்தினேன். அவள் குழாயை மூடவில்லை.

"உங்களுக்குக் கடுதாசி எழுத வருது. எங்கிட்ட அவ பேசறதே இல்ல. அவ வச்ச செடி வாடி நிக்கறதப் பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா?"



உன்னிடமும் அவள் இப்படித்தான் இருந்தாள். வேலை செய்யும் இடத்துக்கே சாப்பாட்டோடு வந்து நிற்பாள், கதவைத் தட்டாமல் அறைக்குள் நுழைவாள். மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு நீ போனதில் தப்பில்லை. அவளுக்கு வேறு மாதிரி அன்பு காட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

காய்ந்த பாதியை வெட்டிவிட்டேன். மீதிப் பாதி பச்சையாக இருக்கிறது. இப்போதெல்லாம் அவள் குழாயைத் தொடுவதில்லை. காலையில் செடியின் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எஃப்ரைனைச் சமாதானப்படுத்தி மீன் பிடிக்க அழைத்துப் போகிறேன். வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பாள். போன் செய்து, செடி எப்படி இருக்கிறது என்று கேள். தண்ணீர் ஊற்றியதற்குத் திட்டவேண்டும் என்று தோன்றினால் திட்டு. சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வாள்.

நீ எங்கே வேர் பிடித்தாலும் நன்றாயிரு, செல்லமே.

உன் அப்பா,
லாசரோ