ஆறு வோல்ட் சிவப்பு

ஜனவரி 8, புதன்

விவசாயி தெய்வசிகாமணி அண்ணனின் பழைய ராஜ்தூத் பைக்குக்குப் பின்விளக்குக் கண்ணாடி வார்த்தேன். மூன்று முறை வார்த்தும் ஓரத்தில் காற்றுக்குமிழி. இந்தக் குளிரில் கண்ணாடிக்கு ஊற்றும் ரெசின் பிசின் கெட்டியாகி, குமிழி மேலே வரமாட்டேன் என்கிறது. நான்காவது முறை சிவப்புச் சாயத்தை இரண்டு மடங்கு விட்டேன். குமிழி உள்ளேதான் இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாது. கெட்டிக்காரிதான் நான்.

வாசலில் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மாதுளை முத்து மாதிரி இருந்தது.

ஜனவரி 11, சனி

அண்ணன் வடக்கனந்தலிலிருந்து வந்து வாங்கிப்போனார். மாட்டிவிட்டு வண்டியை நான்கு பக்கமும் சுற்றிவந்தார். "எங்கப்பா வாங்கனப்ப இருந்த செவப்பு அப்டியே இருக்குதும்மா." மரவள்ளிக்கிழங்கு விலை பேசி வாங்க வெள்ளிமலைக்கு இந்த வண்டியில்தான் ஏறி இறங்குகிறார். புது பைக் ஒன்று வீட்டில் சும்மா தூங்குகிறது.

நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "கண்ணாடி செஞ்சதுக்கே இப்டின்னா, முழு வண்டி செஞ்சா என்ன கண்டுக்கவே மாட்ட போல," என்கிறார் வெங்கடேசன். கட்டிய கணவருக்கு வேறென்ன பேச்சு வரும்.

ஜனவரி 14

பொங்கல். ரெசினைத் தொடவில்லை. வெங்கடேசன் கரும்பைக் கடித்து ஒரு பல்லை ஆட்டிக்கொண்டார்.

ஜனவரி 23, வியாழன்

நேற்று மாலை ஏழு மணி வாக்கில் தெய்வசிகாமணி அண்ணன் மலையிலிருந்து இறங்கி கச்சிராயபாளையம் தாண்டி வரும்போது, கரும்பு ஏற்றிவந்த டிராக்டர் பின்னாலிருந்து மோதிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. டிராக்டர் ஓட்டியவன் பகலவன் என்ற பையன், இருபத்தைந்து வயதாம். குடித்திருப்பான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஜனவரி 25, சனி

வெங்கடேசன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பகலவன் போலீசில் சொன்னதை அங்கே எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்: "செவப்பா ஒரு பொட்டு தெரிஞ்சிது சார். ரொம்ப தூரத்துல போய்க்கினு இருக்காருன்னு நெனச்சேன்."

இவரும் சிரித்தார். என்னால் முடியவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

அண்ணனுக்கு ஊற்றிய அதே கலவையில் இரண்டு கண்ணாடி எடுத்திருந்தேன். ஒன்று அலமாரியில் இருந்தது. மெக்கானிக் கடையில் பழைய ஆறு வோல்ட் பேட்டரியும் பல்பும் வாங்கிவந்தேன். உள்ளறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, பல்பை எரியவிட்டு மேலே கண்ணாடியை மூடினேன். எதிர்ச்சுவர் வரை பின்னால் நடந்து சென்று பார்த்தேன்.

ஒரு பொட்டு. அவ்வளவுதான். பத்தடியில் இருப்பது எங்கோ தூரத்தில் இருப்பதுபோல.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை.

வெயிலில் பிடித்துப் பார்த்தேனே, ஒரு பல்பைப் போட்டுப் பார்த்தேனா? வெயில் எதைத்தான் ஊடுருவாது? இந்தப் பழைய வண்டிக்கெல்லாம் ஆறு வோல்ட்தான், வெளிச்சமே அழுதுகொண்டுதான் வரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு குமிழியை மறைக்க — சீ.

ஜனவரி 29

எதுவும் வார்க்கவில்லை. சோறும் இறங்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

வெங்கடேசனிடம் சொல்லிவிட்டேன். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஒனக்கும் எனக்கும் தெரிஞ்சதோட போவட்டும். யாரு கேட்டாங்க உன்ன?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. பகலவனை முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். குடிகாரன் கையில் வண்டியை யார் கொடுப்பார்கள் என்று வேறு யாரும் கூப்பிடுவதில்லையாம்.

பிப்ரவரி 5, புதன்

வடக்கனந்தல் போனேன். அண்ணன் கட்டிலில் கிடந்தார். அவர் மனைவி ராணியம்மாள் அக்கா காபி கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாயம், குமிழி, பல்பு, எல்லாம்.

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மங்கலாத்தாம்மா எரிஞ்சிது. எனக்கே தெரியும். அழகா இருந்திச்சி, கழட்ட மனசு வரல."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணும்னா செஞ்ச? தெரியாம நடந்திச்சி, வுடு." நான் அழுதேன். அவரே முந்தானையால் துடைத்துவிட்டார். பிறகுதான் மெதுவாகச் சொன்னார்: "ஆனா வெளில சொல்லிடாதம்மா. லைட்டு சரியில்லன்னு தெரிஞ்சா நஷ்டஈடு கெடைக்கறது கஷ்டம்னு வக்கீல் சொல்றாரு. இவரு இனிமே மலைக்கும் போவ முடியாது, நெலத்துலயும் எறங்க முடியாது."

தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வேன், அக்கா பிடித்த கையில் இன்னும் அந்தச் சூடு ஆறவில்லை.

பிப்ரவரி 8

அண்ணனின் கால். பகலவனின் பேர். இரண்டையும் கெடுத்தவள் நான் ஒருத்திதான். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று மேலும் கெடும். யாரைக் கேட்பது?

பிப்ரவரி 10, திங்கள்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வெங்கடேசன் வாசல் வரை வந்து, உள்ளே வராமல் டீக்கடையில் நின்றுகொண்டார். மிச்சமிருந்த கண்ணாடியைக் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் கண்ணாடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, "நல்லாத்தானே தெரியுது?" என்றார். கையோடு கொண்டுபோன பேட்டரியில் பல்பைப் போட்டு, மேசைக்கு அடியில் இருட்டில் காட்டினேன். கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவைத்துக்கொண்டார்.

வந்ததும், என்னிடம் சிவப்புக் கண்ணாடி வாங்கிய மற்ற நான்கு பேருக்கும் போன் செய்து கழற்றச் சொன்னேன்.

மார்ச் 3, திங்கள்

பகலவனுக்கு முதலாளி மறுபடி டிராக்டரைக் கொடுத்துவிட்டார். அண்ணனின் நஷ்டஈடு வழக்கு இழுத்துக்கொண்டு போகிறது, கிடைப்பது சந்தேகம் என்கிறார்கள்.

இன்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ராணியம்மாள் அக்கா. கையில் மருந்துச் சீட்டு. ஒளிந்துகொள்ள இடம் தேடினேன், அதற்குள் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். கிட்டே வந்து சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இப்ப ஒனக்கு நிம்மதியாம்மா?"

இல்லை என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.